பிஎச்டி பதிவு முதல் வைவா வரை: மருந்து வேதியியல், வயர்லெஸ், தத்துவம், காப்புரிமை என நாலு துறைக்கும் ஒரு வழிகாட்டி

பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்து, வருகிற சினாப்சிஸ் (ஆய்வேட்டின் முன்சுருக்கம்), போகிற ஆய்வேடு எல்லாவற்றையும் கைமாற்றி விட்டவன் நான். நான் ஆய்வாளன் இல்லை. ஆனால் எந்த ஃபைல் எங்கே சிக்கும் என்று அட்டையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவேன்.

என் மேசைக்கு வந்த பாதிப் பிரச்சினைகளுக்கு வேர் ஒன்றுதான். விதிமுறை எல்லாத் துறைக்கும் பொது. ஆனால் "நிரூபித்துவிட்டேன்" என்று சொல்ல என்ன வேண்டும் என்பது துறைக்குத் துறை வேறு. ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரர் மூன்று கட்டுரை போட்டு முடித்துவிட்டார் என்று தத்துவ மாணவர் பதறுவார். வயர்லெஸ் மாணவருக்கு சிமுலேஷன் மட்டும் போதுமாயிருந்ததே என்று வேதியியல் மாணவர், மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் கணித்த டாக்கிங் படங்களை அடுக்குவார். வருடங்கள் அங்கேதான் கரைகின்றன. அதனால் விதிமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, சான்று என்ற விஷயத்தில் அதிக நேரம் நிற்கப்போகிறேன். பேசப்போவது இந்தியப் பல்கலைக்கழக முறை, உதாரணங்கள் பெரும்பாலும் சென்னைப் பக்கம்.

1. தலைப்புக்கு முன்னால் கேள்வி

விண்ணப்பப் படிவத்தில் "ஆய்வுத் தலைப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பும் முன் ஒரு தாளில், கேள்விக்குறியோடு முடிகிற ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். முடியவில்லையென்றால் உங்களிடம் இருப்பது ஆர்வம், ஆய்வுக் கேள்வி இன்னும் வரவில்லை.

ஒரே சம்பவத்திலிருந்து நாலு துறையிலும் கேள்வி எடுக்க முடியும் என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது நோவார்ட்டிஸ் வழக்கு. இமாட்டினிப் என்பது ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார்கள். 2006இல் அது நிராகரிக்கப்பட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு எதிரானது என்று போட்ட வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால் அதன் செயல்திறன் கூடியிருக்க வேண்டும், மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன்தான்.

இப்போது பாருங்கள். பீட்டா படிகம் உடலில் ஏறும் அளவு 30 சதவீதம் கூடுதல் என்று நிறுவனம் காட்டியது. ஏறும் அளவு கூடினால் குணப்படுத்தும் திறனும் கூடுமா, அதை எந்தச் சோதனையில் அளப்பது? இது வேதியியல் மாணவரின் கேள்வி. 2013க்குப் பிறகு காப்புரிமை அலுவலகம் எந்த மாதிரித் தரவைப் போதும் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது? இது சட்ட மாணவருடையது. "திறன்" என்பது பொருளுக்குள் இருக்கும் குணமா, பயன்படும் சூழலில் மட்டும் வெளிப்படுவதா? தத்துவ மாணவர் இதை வைத்து ஐந்து வருடம் ஓட்டலாம். வயர்லெஸ்காரருக்கு இதே பிரச்சினை வேறு உருவில் வரும். 4ஜி, 5ஜி தரநிலைக்குள் போய்விட்ட, அதைத் தொடாமல் போனே செய்ய முடியாத காப்புரிமைக்கு நியாயமான விலை எவ்வளவு? எரிக்சன் தொடுத்த வழக்கில் லாவா நிறுவனம் 244 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது இந்தக் கேள்வியை ஒட்டித்தான். ஒரு காப்புரிமை உண்மையிலேயே தரநிலைக்கு அத்தியாவசியம்தானா என்று சோதிப்பது பொறியாளர் வேலை.

"புற்றுநோய் எதிர்ப்பு மருந்துகள் பற்றிய ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு வருபவருக்கும், மேலே உள்ள ஒரு வாக்கியத்தோடு வருபவருக்கும் நேர்முகத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

2. தகுதி, நுழைவுத் தேர்வு, பணம்

இப்போது நடப்பில் இருப்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்டி விதிமுறை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். நாலு வருட இளங்கலை முடித்தவர்கள் 75 சதவீதத்தோடு நேரடியாக வரலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 5 சதவீதத் தளர்வு உண்டு. எம்பில் இனி கிடையாது.

குறைந்தபட்சம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத் திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு வருடம் உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை எடுக்கலாம். இது தெரியாமல், விடுப்பெடுத்தால் பதிவு போய்விடும் என்று பயந்து பிரசவ மாதத்தில் லேபுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கைடு சொல்வது ஒருபுறம் இருக்கட்டும், விதிமுறையை நீங்களே ஒருமுறை வாசியுங்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகச் செய்யலாம், நிறுவனத்திடம் என்ஓசி, அதாவது ஆட்சேபமில்லைச் சான்று, வாங்க வேண்டும். தபால் வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்டி என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள், அது செல்லாது.

தேர்வைப் பொறுத்தவரை, வேதியியலுக்கு சிஎஸ்ஐஆர் நெட், வயர்லெஸ் பக்கம் கேட், தத்துவத்துக்கும் சட்டத்துக்கும் யுஜிசி நெட். 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணையே பிஎச்டி சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். அதற்கென்று தனியாக ஒரு தகுதி நிலை இருக்கிறது, ஒரு வருடம்தான் செல்லும். தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்பது கணக்கு.

பணம். நெட் வழியாக ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு 70,000இல் தொடங்கும். தத்துவத்துக்கு இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிபிஆர் தனியாக உதவித்தொகை தருகிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உதவித்தொகை மாதாமாதம் ஒன்றாம் தேதி சம்பளம் மாதிரி வராது. ஆறு மாதம் நின்று, மொத்தமாக வந்து விழுவதும் உண்டு. ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் கையில் இருப்பு வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

3. கைடு

பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டுப் பேர் வரை வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. ஓய்வு பெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக மாணவர் எடுக்க முடியாது. முதலில் இடம் காலியா என்று பாருங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

பெயரைப் பார்த்துக் கைடு தேர்வு செய்யாதீர்கள். ஷோத்கங்கா தளத்தில் அவர் பெயரைத் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் கிடைக்கும். மூன்றை இறக்கி, பதிவு செய்த வருடத்தையும் சமர்ப்பித்த வருடத்தையும் பாருங்கள். எல்லாருக்கும் ஏழெட்டு வருடமென்றால் உங்களுக்கும் அதுதான். பிறகு நன்றியுரையைப் படியுங்கள். லேபில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். கைடுக்கு ஒரு வரி, சீனியருக்கு ஒரு பத்தி என்று இருந்தால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இரண்டு துறைக்கு நடுவில் நிற்கிற கேள்வி என்றால், உதாரணமாக மருந்து வேதியியலும் காப்புரிமையும், இணை நெறியாளர் ஒருவரைப் பதிவின்போதே சேர்த்துவிடுங்கள். மூன்றாம் வருடத்தில் சேர்ப்பதற்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

4. முதல் வருடம்

கோர்ஸ்வொர்க் குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீதம் எடுத்தால் போதும். ஆய்வு நெறிமுறைப் பாடம் ஒன்று கட்டாயம் இருக்கும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். நாலாம் வருடத்தில் சினாப்சிஸ் கொண்டுவந்து, கோர்ஸ்வொர்க்கில் ஒரு தாள் பாக்கி என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

முக்கியமான வேலை வாசிப்பு. நூறு கட்டுரையின் சுருக்கத்தை வாசித்து அடுக்குவதைவிட, உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய பத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் "இவர் எதை வைத்து இதை நம்புகிறார்?" என்று ஓரத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். நம் வழக்கில் டிசி மீட்டிங். அங்கே கேட்கப்படுவதும் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விதான்.

5. சான்று: நாலு அறைகள்

*மருந்து வேதியியல்.* இங்கே சான்று என்பது கையில் பிடிக்கிற பொருள். நீங்கள் சொல்கிற மூலக்கூறுதான் அந்தக் குப்பிக்குள் இருக்கிறது, தூய்மையாக இருக்கிறது, சொன்ன வேலையைச் செய்கிறது என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

ஒரு மாணவி தன் சேர்மத்தின் புரோட்டான் என்எம்ஆர் தாளோடு (மூலக்கூறின் அமைப்பை உச்சிகளாகக் காட்டும் வரைபடம் அது) டிசி கூட்டத்துக்கு வந்தார். நான் குறிப்பெழுத அங்கே உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பென்சிலால் மூன்று உச்சிகளை வட்டமிட்டார்: 1.26, 2.05, 4.12 பிபிஎம். "இந்த எத்தில் குழு உன் மூலக்கூறில் எங்கே இருக்கிறதம்மா?" என்றார். மாணவி எங்கேயோ காட்டினார். அவர் சிரித்துவிட்டு, "இது எத்தில் அசிடேட். இந்தக் கரைப்பானை ஊற்றிப் பிரித்தெடுத்தாய், சரியாகக் காயவிடவில்லை" என்றார். கழுவிய கரைப்பான் தன் உச்சிகளைக் காட்டிக்கொண்டிருந்தது, அது எஸ்டர் என்று ஆய்வேட்டு வரைவில் போயிருந்தது. அன்று மாலையே வேக்குவத்தில் போட்டு மறுபடி எடுத்தார், மூன்று உச்சியும் காணாமல் போனது. எனக்கு வேதியியல் தெரியாது, ஆனால் அந்த மூன்று எண்ணும் மறக்கவில்லை. குளோரோஃபார்ம் 7.26இல் நிற்பதுபோல எந்தக் கரைப்பான் எங்கே நிற்கும் என்ற அட்டவணையை மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

தூய்மைக்கு, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் 95 சதவீதம் என்பது நல்ல இதழ்கள் கேட்கிற எல்லை. கல்லூரியில் கருவி இல்லையென்றால் சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் மையத்துக்கு மாதிரி அனுப்பலாம். வரிசை நீளம், கட்டணம் உண்டு. அதனால் ஒன்று ஒன்றாக அனுப்பாமல் ஐந்தாறு சேர்த்து அனுப்பத் திட்டமிடுங்கள்.

மூன்றாவது, செயல். ஐசி50, அதாவது செயலைப் பாதியாகத் தடுக்கத் தேவையான அளவு, நன்றாக வந்துவிட்டது என்றதும் குதிக்காதீர்கள். எந்தச் சோதனையில் போட்டாலும் வேலை செய்வதுபோல் காட்டுகிற ஏமாற்றுச் சேர்மங்கள் உண்டு, அவற்றைப் பெயின்ஸ் என்று 2010 முதல் பட்டியலிட்டு வருகிறார்கள். நம் மஞ்சளின் குர்குமின் அதில் முக்கியமான ஆள். 2017இல் வந்த ஒரு விரிவான மறுபார்வைக் கட்டுரை, ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்தும் குர்குமின் ஏன் மருந்தாகவில்லை என்பதைப் போட்டு உடைத்தது: உடலில் நிற்பதில்லை, ஏறுவதில்லை, சோதனையைக் குழப்புகிறது. குர்குமின் வழித்தோன்றல் என்று தலைப்பு வைத்திருந்தால், இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

டாக்கிங் மதிப்பெண் சான்று கிடையாது, ஊகம். ஊகமும் வேண்டும்தான், எதை முதலில் செய்து பார்ப்பது என்று முடிவெடுக்க அது உதவும். விலங்குச் சோதனை இருக்கிறதென்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி எண், சோதனை தொடங்கும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்தேதியிட்டு வாங்க முடியாது, கேட்கவும் கூடாது. லேப் நோட்டில் பேனாவால் எழுதுங்கள், தேதி போடுங்கள், தோற்றுப்போன வினையையும் எழுதுங்கள். பின்னால் காப்புரிமை என்று வரும்போது அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி.

*வயர்லெஸ்.* இங்கே சான்று ஒரு வளைகோடு. கோட்டை வரைவது சுலபம் என்பதுதான் ஆபத்து.

ஒரு ஆய்வேட்டில் பிழை விகிதக் கோடு பத்து லட்சத்தில் ஒன்று வரை அழகாக இறங்கியிருந்தது. வெளித் தேர்வாளர் அறிக்கையில் ஒரே வரி எழுதினார்: "மாணவர் அனுப்பியது ஒரு லட்சம் பிட்." லட்சம் பிட் அனுப்பினால் ஒரு பிழைக்குக் கீழே அளக்கவே முடியாது, அதாவது லட்சத்தில் ஒன்று. அதற்குக் கீழே கோடு எப்படிப் போனது? மென்பொருள் தானாக இணைத்து நீட்டிய கோடு அது. நம்பகமாக அளக்க நூறு பிழையாவது எண்ண வேண்டும் என்பது கைக்கணக்கு. அப்படியென்றால் பத்து லட்சத்தில் ஒன்றுக்குப் பத்துக் கோடி பிட் ஓட்ட வேண்டும். மடிக்கணினி இரவெல்லாம் ஓடட்டும்.

உங்கள் புதிய முறையைச் சேர்ப்பதற்கு முன்னால், பாடப்புத்தகத்தில் விடை இருக்கிற ஒன்றை உங்கள் நிரலில் ஓட்டிப் பாருங்கள். சாதாரணச் சத்தத்தில் பிபிஎஸ்கே என்ற எளிய பண்பேற்ற முறை, 9.6 டெசிபலில் லட்சத்தில் ஒரு பிழை தர வேண்டும். சிக்னல் ஏறி இறங்குகிற ராலே மங்கலில் 10 டெசிபலில் சுமார் 0.023. இந்த இரண்டும் வரவில்லையென்றால் உங்கள் நிரலில் தவறு, அதற்கு மேல் கட்டியதெல்லாம் மணல் வீடு. இந்தச் சரிபார்ப்புப் படத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் வையுங்கள். தேர்வாளர் நிம்மதியாவார்.

ஒப்பிடும்போது பத்து வருடத்துக்கு முந்தைய முறையோடு ஒப்பிட்டு ஜெயித்தேன் என்று காட்டுவதும் நம் ஊரில் அதிகம். பயில்வானோடு மோதாமல் பையனோடு மோதுகிற கதை அது. மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் தரநிலையில் இப்போது உள்ள முறையோடு மோதுங்கள்.

வன்பொருளில் செய்து காட்ட முடிந்தால் மதிப்பு தனி. ஆனால் எந்த அலைவரிசையிலும் இஷ்டத்துக்கு ஒலிபரப்ப முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ், லோரா ஓடுகிற 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எல்லாம் சக்தி வரம்புக்குள் உரிமம் வேண்டியதில்லை. மற்றவற்றுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசியிடம் சோதனை உரிமம் வாங்க வேண்டும், சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வெறுமனே கேட்பதற்கு கணினியில் செருகும் மலிவான ரேடியோ வாங்கியான ஆர்டிஎல் எஸ்டிஆர் குச்சி ஒன்று போதும், தொடக்கத்துக்கு அதுவே நிறையச் சொல்லிக்கொடுக்கும்.

*தத்துவம்.* லேப் இல்லை, கருவி இல்லை, அதனால் சுலபம் என்று நினைத்து வருகிறவர்கள் இரண்டாம் வருடம் காணாமல் போவார்கள். இங்கே சான்று என்பது வாதம், அதுவும் மூலநூலின் வரியிலிருந்து எழுகிற வாதம்.

நம்மிடம் இதற்கு நல்ல வழக்கம் இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எடுத்தால் முதலில் பரபக்கம், பிறகுதான் சுபக்கம். எதிராளி சொல்வதை அவரே தலையாட்டும் அளவுக்கு வலுவாகச் சொல்லிவிட்டு, அப்புறம் மறுப்பது. நம் ஆய்வேடுகள் பலவற்றில் பரபக்கமே இருப்பதில்லை. ஒரு தத்துவவாதியின் வாழ்க்கை, நூல் பட்டியல், கருத்துச் சுருக்கம், "இன்றைக்கும் பொருந்தும்" என்று ஒரு கடைசி இயல். அதை ஆய்வேடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். மணிமேகலையின் 29ஆம் காதையில் அளவை இயல் வருகிறது. பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றிலும் வரும் போலிகளை வகைப்படுத்துகிறது. சங்கரசுவாமியின் வடமொழி நியாயப்பிரவேசத்திலும் இதே போன்ற வகைப்பாடு இருக்கிறது. எது எதிலிருந்து வந்தது என்பதில் காப்பியத்தின் காலமே தொங்குகிறது, அறிஞர்களும் வெகுநாளாக வாதாடி வருகிறார்கள். காலக் கணிப்பை விட்டுவிட்டு, "இரண்டிலும் ஏதுப்போலிக்கான இலக்கணம் உண்மையிலேயே ஒன்றுதானா?" என்று மட்டும் ஒருவர் கேட்டால், அது வரிக்கு வரி சோதிக்கக்கூடிய கேள்வி. அதற்குத் தமிழும் தெரிய வேண்டும், வடமொழியும் கொஞ்சம் தெரிய வேண்டும், தர்க்கமும் தெரிய வேண்டும். மூலமொழி தெரியாமல் மொழிபெயர்ப்பை நம்பி இறங்காதீர்கள். முதல் வருடத்தை மொழி கற்கவே ஒதுக்கினாலும் தப்பில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு நிறுவனம் இந்த மாதிரிக் கேள்விகளோடு போய் நிற்கத் தகுந்த இடம்.

*காப்புரிமைச் சட்டம்.* சட்டப்பிரிவையும் தீர்ப்பையும் தொகுத்து எழுதுவது ஒரு வகை, கோப்புகளிலிருந்து தரவு எடுப்பது இன்னொரு வகை. முதல் வகையில் நல்ல ஆய்வேடும் உண்டு, தீர்ப்புகளை வெட்டி ஒட்டியதும் உண்டு. என் ஓட்டு இரண்டாவதற்கு. காரணம், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளத்தில் விண்ணப்பம், முதல் பரிசோதனை அறிக்கை, அதற்கான பதில், கட்டுப்பாட்டாளரின் உத்தரவு எல்லாமே இலவசமாகக் கிடக்கின்றன. 3(டி) ஆட்சேபம் எழுப்பப்பட்ட ஒரு மருந்து விண்ணப்பத்தை எடுத்து, நிறுவனம் எந்தச் சோதனைத் தரவைக் கொடுத்தது, அலுவலகம் எதை ஏற்றது என்று ஒரு எக்செல் தாளில் போடுங்கள். இருநூறு சேர்ந்தால் யாரும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல உங்களிடம் விஷயம் இருக்கும்.

கட்டாய உரிமம், அதாவது காப்புரிமை பெற்றவர் சம்மதமில்லாமல் இன்னொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி, பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் நாட்கோ, பேயர் வழக்கைத்தான் எழுதுகிறார்கள். 2012இல் சொராஃபெனிப் மாத்திரை மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாயிலிருந்து 8,800க்கு வந்த கதை. அற்புதமான கதைதான், ஆனால் நூறு பேர் எழுதிவிட்டார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின. அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு என்ன செய்துவருகிறது என்பதில் இன்னும் மேயாத புல் நிறைய இருக்கிறது.

6. முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை

வேதியியல், வயர்லெஸ் மாணவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. உங்கள் கண்டுபிடிப்பை மாநாட்டில் படம் போட்டுக் காட்டிவிட்டால் அது ஊரறிந்த விஷயம். ஊரறிந்ததற்குக் காப்புரிமை கிடையாது. இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை ஒன்று இருக்கிறது, ஆனால் மிகக் குறுகிய சூழல்களுக்குத்தான். அமெரிக்காவில் ஒரு வருடம் பொறுப்பார்கள், ஐரோப்பாவில் பொறுக்கவே மாட்டார்கள். சலுகையை நம்பி இறங்காதீர்கள்.

வழி சுலபம். பல்கலைக்கழகத்தின் ஐபிஆர் செல்லுக்கு (அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு) போய் தற்காலிக விண்ணப்பம் போடுங்கள். தேதி பூட்டப்பட்டுவிடும். அதற்கு மறுநாளே கட்டுரை அனுப்பலாம். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கைவிட்டதாகிவிடும். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை இருக்கிறது. வெளிநாட்டில் முதலில் போட நினைத்தால் 39ஆம் பிரிவின்படி முன் அனுமதி வாங்காமல் போடக் கூடாது. வயர்லெஸ்காரர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: 3(கே) பிரிவின்படி வெறும் அல்காரிதத்துக்குக் காப்புரிமை இல்லை. அது கருவியில் என்ன தொழில்நுட்ப விளைவைத் தருகிறது என்று காட்டி எழுத வேண்டும்.

"பேட்டன்ட் பப்ளிஷ்டு" என்று கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைக்கிறார்களே, அது ஒன்றுமில்லை. விண்ணப்பித்த எதுவும் 18 மாதத்தில் தானாக வெளியாகும், பணம் கட்டினால் இன்னும் சீக்கிரம். பரிசோதனை முடிந்து வழங்கப்பட்டால்தான் காப்புரிமை.

தத்துவ மாணவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

7. கட்டுரை போடுவது

ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல் எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே வைத்திருக்கின்றன, உங்கள் கையேட்டைப் பாருங்கள். நல்ல இதழ் எது என்று காட்டிவந்த யுஜிசி கேர் பட்டியலும் 2025இல் போய்விட்டது. இப்போது நீங்களே முடிவு செய்ய வேண்டும். என் சோதனை ஒன்றுதான்: உங்கள் மேற்கோள் பட்டியலில் அந்த இதழின் கட்டுரை ஒன்றாவது இருக்கிறதா? நீங்கள் வாசிக்காத இதழுக்கு ஏன் எழுதுகிறீர்கள்? மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு வாட்ஸ்அப்பில் பணம் கேட்பவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

8. எழுதுவதும் ஒப்புமைச் சோதனையும்

நாலாம் வருடம் வரை தள்ளிப்போடாமல், முறையியல் இயலை வேலை நடக்கும்போதே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த வெப்பநிலையில் வைத்தீர்கள் என்று ஞாபகம் இருக்காது.

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஒரு வருடம் கொடுக்க முடியாது. அதற்கு மேல் பதிவே ரத்து. உரிய குறிப்போடு தந்த மேற்கோள், நூற்பட்டியல், சட்டவாசகம் எல்லாம் கணக்கில் வராது. சட்ட மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிரிவுகளை அப்படியே தந்ததால் எண்ணிக்கை எகிறியிருந்தால் விலக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். எண்ணைக் குறைப்பதற்காக வார்த்தையை மாற்றி மாற்றிப் போடும் மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள். "கட்டற்ற தீவிர உறுப்பு" என்று ஒரு ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் பார்த்தேன். ஃப்ரீ ராடிக்கல்தான் அந்தப் பாடு பட்டிருந்தது.

9. சினாப்சிஸ், தேர்வாளர், வைவா

சினாப்சிஸ் கொடுத்த பிறகு தலைப்பை மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றலாம், ஆனால் அந்த ஃபைல் எங்கெங்கே போய்வரும் என்று பார்த்தவன் சொல்கிறேன். தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால் அது பட்டச் சான்றிதழ் வரை போகும்.

கைடு போக, வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர் ஆய்வேட்டைப் படிப்பார்கள், முடிந்தால் ஒருவர் வெளிநாட்டவர். ஆய்வேடு கொடுத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் தாமதம் தேர்வாளரிடம்தான். பட்டியல் தருவது கைடு வேலை, ஆனால் பட்டியலில் உள்ளவர் இன்னும் பணியில் இருக்கிறாரா, அவருடைய மின்னஞ்சல் வேலை செய்கிறதா என்று நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் இரண்டு மாதம் மிச்சம்.

வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, முன் தேர்வாளர் அறிக்கை கையில் வந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஸ்லைடு, பக்க எண்ணோடு பதில். நான் பார்த்தவரை சறுக்குவது கடினமான கேள்வியில் இல்லை. "உன் முடிவு தப்பாக இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடித்திருப்பாய்?" என்று கேட்பார்கள். எத்தில் அசிடேட் மாணவி வைவாவில் அந்தக் கேள்விக்குப் பழைய என்எம்ஆர் தாளையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினார்.

வைவா முடிந்த அன்றே திருத்தங்களைச் செய்து, மென்பிரதியை ஷோத்கங்காவுக்குக் கொடுத்துவிட்டு, தற்காலிகச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டுப் போங்கள். நூலகம், ஹாஸ்டல், லேப் என்று நோ டியூஸ் கையெழுத்து ஐந்தாறு வேண்டும். லேபில் உடைத்த கண்ணாடிச் சாமான் கணக்கை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள், அந்த ஸ்டோர் கீப்பர் மூன்று மணிக்கு மேல் இருக்க மாட்டார்.